தாம்பத்தியத்தில் உடலின் இயல்பும் மார்க்கச் சட்டமும்

நமது அரபி மத்ரஸாக்களில் ஃபிக்ஹு கிதாபின் முதல் பாடமே தஹாரத், அதாவது சுத்தத்தைப் பற்றியது. மீசை அரும்பாத பிள்ளைகள்கூட மனீ என்றால் என்ன, மதீ என்றால் என்ன, வதீ என்றால் என்ன, எது வெளிப்பட்டால் குளிப்பு கடமையாகும், எதற்கு ஒளு மட்டும் போதும் என்பதை உஸ்தாதின் முன்னால் அமர்ந்து மனனம் செய்கிறார்கள். அதே ஊரில் பெரிய பட்டம் பெற்ற வாலிபர் நிகாஹ் முடிந்து மாதங்கள் சென்ற பின்னும் இவற்றின் வித்தியாசம் தெரியாமல் விழிக்கிறார். பெண்மக்களின் நிலை இதைவிடப் பரிதாபம். ஹைளு, நிபாஸ் சட்டங்களையாவது தாயோ பாட்டியோ அரைகுறையாகச் சொல்லி வைக்கிறார்கள்; தாம்பத்தியத்தில் உடலும் மனமும் எப்படி இயங்குகின்றன என்பதை ஒருவரும் சொல்வதில்லை. அறியாமையால் வரும் துன்பம் இரு பாலாரையும் வாட்டுகிறது. மஸ்அலா கேட்க வருவோரில் பலர், கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இதைப் பற்றியதாகவே இருக்கிறது.

வெட்கம் ஈமானைச் சார்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கடமையைக் கற்க விடாமல் தடுக்கும் கூச்சத்தை ஸஹாபாப் பெண்மணிகள் ஒதுக்கித் தள்ளினார்கள். அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களின் சமூகத்திற்கு வந்து, உறக்கத்தில் ஆண்களுக்கு நேர்வது ஒரு பெண்ணுக்கு நேர்ந்தால் அவள் மீதும் குளிப்பு கடமையா என்று கேட்டார்கள். நீரைக் கண்டால் குளிக்க வேண்டும் என்ற கருத்தில் பதில் கிடைத்தது. அங்கிருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்கள் நாணத்தால் முகத்தை மூடிக்கொண்டு, பெண்ணுக்கும் அப்படி உண்டாவது உண்டோ என்று வியந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி இது. கேட்டவர் கண்டிக்கப்படவில்லை, வியந்தவருக்கும் விளக்கம் தரப்பட்டது. பெண்ணுக்கும் இச்சை உண்டு, அதற்கு ஒரு நிறைவும் உண்டு என்பது அந்தச் சபையிலேயே சட்டமாகி விட்டது.

பெண்ணுக்கு இத்தகைய உணர்வே இல்லை என்று ஐரோப்பிய மருத்துவர்கள் சிலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1953ல் அமெரிக்காவின் ஆல்ஃபிரட் கின்ஸி பெண்களைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டபோது, அவர் விசாரித்த பெண்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல், நாற்பத்தைந்து வயதுக்குள் ஒரு தடவையாவது உறக்கத்தில் உச்ச உணர்வை அடைந்திருந்ததாகக் குறிப்பிட்டார். அவர் விசாரித்தது ஒரு நாட்டுப் பெண்களை, அதிலும் தாமாக முன்வந்தவர்களை. எனவே அந்தக் கணக்கை உலகம் முழுவதற்கும் பொருத்த வேண்டியதில்லை. ஆனால் கனவு காணும் உறக்க நிலையில் ஆண், பெண் இருவரின் மறைவிடத்திலும் இரத்த ஓட்டம் இரவில் பலமுறை அதிகரிக்கிறது என்பது பிற்கால ஆய்வுகளில் அளந்தே காணப்பட்டிருக்கிறது. பள்ளிப் பருவத்து மகன் அதிகாலையில் விரிப்பைச் சுருட்டி ஒளித்து வைத்தால், அவன் கெட்டுப் போனான் என்று பொருளல்ல. பாலிகானான் என்று பொருள். குளிப்பைக் கற்றுக் கொடுக்க வேண்டிய நாள் அது.

மூன்று நீர்கள்

ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களுக்கு மதீ அதிகமாக வெளிப்படும் இயல்பு இருந்தது. ஒவ்வொரு தடவையும் குளித்துக் குளித்து முதுகு வெடிப்புக் கண்ட அளவுக்குச் சிரமப்பட்டார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. நாயகத்தின் மகளாரை மணந்திருந்த காரணத்தால் நேரில் கேட்க நாணி, மிக்தாத் (ரலி) அவர்களைக் கேட்கச் சொன்னார்கள். உறுப்பைக் கழுவிவிட்டு ஒளுச் செய்தால் போதும் என்பதே தீர்ப்பு. தெரியாமையால் ஒரு மனிதர் தம் உடலை எவ்வளவு வருத்திக்கொள்ள நேர்கிறது பாருங்கள்! நேரில் கேட்கக் கூச்சமென்றால் வேறொருவரைக் கொண்டு கேட்கும் வழியும் இதில் கிடைக்கிறது.

மதீ எங்கிருந்து வருகிறது? ஆணின் சிறுநீர்ப் பாதையின் தொடக்கத்தில், பட்டாணி அளவில் இரண்டு சிறு சுரப்பிகள் உள்ளன. இவற்றை 1699ல் வில்லியம் கௌப்பர் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் விவரித்ததால் கௌப்பர் சுரப்பிகள் என்கிறார்கள். மனைவியுடன் கொஞ்சிப் பேசும்போதோ அந்த நினைவு வரும்போதோ இவை தெளிந்த, வழவழப்பான நீரைச் சுரக்கின்றன. சிறுநீர்ப் பாதையில் தங்கியிருக்கும் அமிலத்தன்மையைப் போக்குவதும் வழியை ஈரப்படுத்துவதும் இதன் வேலை. மனிதனின் கட்டுப்பாட்டில் இல்லாமல், துள்ளாமல், பல வேளை அவன் உணராமலே கசிகிறது. வெளிப்பட்ட பின் இச்சை தணிவதுமில்லை. நம் ஃபுகஹாக்கள் மதீயின் அடையாளமாக எழுதி வைத்தவையும் இவைதாம். இது நஜீஸ், ஒளுவை முறிக்கும், குளிப்பைக் கடமையாக்காது. பெண்ணுக்கும் இதுபோன்ற கசிவு உண்டு; சட்டமும் அதுவே. (அஸ்லு செய்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். சில ஆண்களின் மதீயோடு உயிரணுக்களும் கலந்து வருவதுண்டு. ஆகவே அஸ்லு செய்தும் கரு தரித்துவிட்டது என்று மனைவியைச் சந்தேகிப்பது பெரும் பாவம்.)

மனீ வேறு. விரைகளில் உற்பத்தியாகும் உயிரணுக்கள் அதில் மிகச் சிறு பகுதியே. பெரும் பகுதி சிறுநீர்ப்பைக்குப் பின்னாலுள்ள இரு விந்துப் பைகளின் நீர். மிச்சம் பிராஸ்டேட் சுரப்பியின் நீர். ஒரு தடவை வெளிப்படும் அளவு பெரும்பாலும் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாது. இடுப்பின் அடித்தசைகள் ஏறத்தாழ 0.8 விநாடிக்கு ஒருமுறை சுருங்கி அதை வெளித்தள்ளுகின்றன. கிதாபுகளில் ‘ததஃப்புக்’, அதாவது துள்ளித் துள்ளி வெளிப்படுதல் என்று சொல்லப்படுவது இந்தச் சுருக்கத்தைத்தான். ஷாஃபிஈ மத்ஹபில் துள்ளி வருதல், வெளிப்படும்போது இன்பம் உண்டாதல், ஈரமாக இருக்கையில் பிசைந்த மாவின் வாடையும் காய்ந்தபின் முட்டை வெண்கருவின் வாடையும் இருத்தல் ஆகிய மூன்றில் ஒன்று காணப்பட்டாலே அது மனீ. மனீ ஷாஃபிஈ மத்ஹபில் சுத்தமானது. ஹனஃபீ மத்ஹபில் நஜீஸ். கனவு கண்ட நினைவு இருந்தும் ஈரத்தைக் காணவில்லையென்றால் இரு மத்ஹபிலும் குளிப்பு இல்லை. கணவன் மனைவி கூடிவிட்டால், மனீ வெளிப்படாவிட்டாலும் இருவர் மீதும் குளிப்பு கடமை. இதைத் தெரியாமல் தொழுதுகொண்டிருப்போர் இன்றும் உள்ளனர்.

வதீ என்பது சிறுநீருக்குப் பின்னாலோ, பாரமான பொருளைத் தூக்கும்போதோ வரும் கெட்டியான வெண்ணிற நீர். மலச்சிக்கலில் முக்கும்போதும் பிராஸ்டேட் அழுந்தி இப்படி வருவதுண்டு. இதன் சட்டம் சிறுநீரின் சட்டம்.

இந்த மூன்றாவது நீரைக் கண்டுதான் நம் வாலிபர்கள் அதிகம் பயந்து போகிறார்கள். “தாது போகிறது, உடம்பு உருகுகிறது” என்று நினைத்து, லாட்ஜுகளில் முகாமிடும் வைத்தியரிடம் லேகியத்துக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். நாற்பது சொட்டு இரத்தம் சேர்ந்து ஒரு சொட்டு விந்தாகிறது என்ற பேச்சு நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக உலவுகிறது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பாலிகான நாள் முதல் முதுமை வரை உயிரணுக்கள் இடைவிடாமல் உற்பத்தியாகின்றன. ஒரு தொகுதி உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது. வெளியேறாதவை உடலிலேயே சிதைந்து கரைகின்றன. இந்தப் பயமே ஒரு மனநோயாகும் அளவுக்கு நம் நாட்டில் பரவியிருப்பதைக் கண்டு, என்.என். விக் என்ற மனநோய் மருத்துவர் 1960ல் இதற்குத் ‘தாது’ என்ற நம் சொல்லையே வைத்துப் பெயர் சூட்டினார். சோர்வு, முதுகுவலி, தூக்கமின்மை எல்லாம் அவர்களுக்கு உண்மையாகவே இருக்கின்றன. காரணம் அவர்கள் கவலை.

இதை எழுதுவதால் கைப்பழக்கத்துக்கு வாசல் திறப்பதாக எவரும் எண்ண வேண்டாம். அதன் ஹுக்மு தனியாக விவரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தடுக்கப்பட்ட ஒன்றைத் தடுக்கப் பொய்யான மருத்துவத்தைத் துணைக்கு அழைக்கும் பழக்கம் நம் பயான்களில் புகுந்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. “கண் குருடாகும், நரம்பு தளரும், பிள்ளை பிறக்காது” என்று மிம்பரில் பயமுறுத்தப்பட்ட பையன், தவ்பாச் செய்து பத்து வருடம் கழித்து நிகாஹ் முடிக்கும்போதும் அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டே மனைவியின் அறைக்குள் போகிறான். அதன் விளைவைக் கீழே காண்போம்.

இருவரின் நேரம்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் மாஸ்டர்ஸ் என்ற மருத்துவரும் வர்ஜீனியா ஜான்சன் என்ற பெண்மணியும் 382 பெண்களையும் 312 ஆண்களையும் வைத்து ஆராய்ந்து 1966ல் தம் நூலை வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த முறை நம் ஷரீஅத்துக்குச் சிறிதும் ஒவ்வாதது. அதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனாலும் அவர்கள் கண்டது படைத்தவன் அமைத்த உடலின் இயல்பு. கிளர்ச்சி, அதன் நிலைப்பு, உச்சம், தணிவு என்று நான்கு நிலைகளாக அதைப் பிரித்தார்கள். எல்லோரும் இந்தப் படிகளில் வரிசையாக ஏறுவதில்லை என்று பின்வந்தோர் திருத்தியிருக்கிறார்கள். என்றாலும் பொதுவான விளக்கத்துக்கு இது உதவும்.

தொடக்கத்தில் நடப்பது முக்கியமாக இரத்த ஓட்டம். முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து வரும் நரம்புகள் கட்டளையிட, நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு இரத்தக் குழாய்ச் சுவர்களைத் தளர்த்துகிறது. இரத்தம் பாய்ந்து நிறைகிறது. இரத்தக் குழாய்களில் இந்த வாயு ஆற்றும் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆணிடம் இது விறைப்பாகத் தெரிகிறது. பெண்ணிடம் உட்பாதையின் சுவர்களில் இரத்தம் நிறைந்து, வியர்வை போல் ஈரம் கசிகிறது. உட்பாதை நீண்டு விரிகிறது. உச்சத்தில் இருவருக்கும் இடுப்படித் தசைகள் அதே 0.8 விநாடி இடைவெளியில் சுருங்குகின்றன. நிமிடத்துக்கு எழுபது தடவை துடிக்கும் இதயம் நூறைத் தாண்டித் துடிக்கிறது. இயல்பு இருவருக்கும் ஒன்று. வேறுபாடு நேரத்திலும் வழியிலும்தான்.

ஆண் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடித்து விடுகிறான். பெண்ணின் உடலில் ஈரம் விரைவிலேயே தொடங்கலாம். ஆனால் அதை வைத்து அவள் தயாராகி விட்டாள் என்றோ, விரும்புகிறாள் என்றோ முடிவு கட்டிவிடக் கூடாது. உடல் ஒன்று செய்ய, மனம் வேறிடத்தில் இருப்பது பெண்களிடம் அதிகம். மேலும் பெண்ணின் உணர்ச்சி நரம்புகள் மிகவும் செறிந்திருப்பது உட்பாதையில் அல்ல, மறைவிடத்தின் மேற்பகுதியிலுள்ள சிறு முனையில். வெளியே தெரிவது அதன் நுனி மட்டுமே என்றும், அதன் பெரும் பகுதி உள்ளே இருபுறமும் பரந்திருக்கிறது என்றும் ஆஸ்திரேலியப் பெண் மருத்துவர் ஹெலன் ஓ’கானெல் 1998ல் விரிவாக எழுதினார். கூடுவதால் மட்டும் பல பெண்கள் நிறைவடைவதில்லை என்பதற்கு இந்த அமைப்பே காரணம். அவர்களிடம் குறையேதும் இல்லை. நிறைவு வராமலே நின்றுவிட்டால் நிறைந்த இரத்தம் மெல்ல மெல்லத்தான் வடிகிறது. அடிவயிற்றில் கனமும், மனத்தில் எரிச்சலும், உறக்கமின்மையும் உண்டாகலாம். அருகில் கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்!

ஹிஜ்ரீ 505ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் திருமண ஒழுக்கங்களைக் கூறும் பகுதியில் இதை எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார்கள் என்பதை எண்ண வேண்டும். கணவன் தன் தேவையை முடித்துக்கொண்டதும் விலகி விடாமல், மனைவியும் தன் தேவையை நிறைவு செய்யும் வரை தாமதிக்க வேண்டும். அவளுக்கு அது தாமதித்து வரலாம். இருவரின் நேரமும் ஒத்துப் போகாதது வெறுப்பை வளர்க்கும் என்பது அவர்கள் சொல்வதன் கருத்து. கூடுவதற்கு முன் முத்தமும் பேச்சும் தூதாக அமைய வேண்டும் என்று அங்கே எடுத்தாளப்படும் ஹதீஸின் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியிருப்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஜாபிர் (ரலி) அவர்களின் திருமணம் பற்றிய ஸஹீஹான ஹதீஸில், கணவன் மனைவி ஒருவரோடொருவர் விளையாடி மகிழ்வது நாயகம் (ஸல்) அவர்களால் விரும்பிச் சொல்லப்பட்டிருப்பதால் கருத்துக்கு வலுவான ஆதாரம் உண்டு.

ஷாஃபிஈ கிதாபுகளில் ஒரு மஸ்அலா இருக்கிறது. நம் கடற்கரை ஊர்ப் பெண்களுக்கு அவசியமானது. சொல்லித் தருவோர் குறைவு. கூடிக் குளித்த பின் மனைவியிடமிருந்து கணவனின் மனீ வெளியேறினால் அவள் மறுபடி குளிக்க வேண்டுமா? அவள் கூடியபோது தன் இச்சையை நிறைவு செய்திருந்தால் அவளது நீரும் கலந்திருக்கும் என்பதால் மறுபடி குளிக்க வேண்டும். நிறைவு செய்யவில்லையென்றாலோ, உறக்கத்தில் இருந்தாலோ குளிக்க வேண்டியதில்லை, ஒளு போதும். மனைவி நிறைவடைந்தாளா இல்லையா என்பதைச் சட்டத்தின் காரணமாகவே ஃபுகஹாக்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியைத் தன் மனைவியிடம் ஒருநாளும் கேட்டிராத கணவர்கள் நம்மில் எத்தனை பேர்!

உச்சத்துக்குப் பின் ஆணுக்குச் சிறிது நேரமேனும் மறு கிளர்ச்சி உண்டாகாது. உடலில் புரோலாக்டின் என்ற சுரப்பு உயர்கிறது, உறக்கம் வருகிறது. பெண்ணுக்கு அந்தத் தடை அப்படி இல்லை. அவள் மனம் அப்போதுதான் பேச்சையும் அணைப்பையும் நாடுகிறது. முதுகைத் திருப்பிக்கொள்வதை அவள் வெறுப்பாக எடுத்துக்கொள்கிறாள். நான்கு வார்த்தை பேசிவிட்டு உறங்கினால் என்ன நட்டம்?

பயம் செய்யும் வேலை

விறைப்பை உண்டாக்கும் நரம்புகள் உடல் ஓய்வாக இருக்கையில் வேலை செய்பவை. பயம், பதற்றம், கோபம் வரும்போது அவற்றுக்கு எதிரான நரம்புகள் வேலை செய்கின்றன. இதயம் படபடக்கிறது, இரத்தம் கை கால்களுக்குப் பாய்கிறது, மறைவிடத்திலிருந்து திரும்பி விடுகிறது. புலியைக் கண்டு ஓடுபவனுக்கு இச்சை வராது. இது இறைவன் வைத்த காப்பு. கல்யாண அலைச்சல், இரண்டு நாள் உறக்கமின்மை, அறிமுகமில்லாத பெண், கதவுக்கு வெளியே உறவினர் கூட்டம், மறுநாள் காலை இரு வீட்டாரின் ஜாடை விசாரிப்பு, இத்துடன் மேலே சொன்ன பழைய பயமும் சேர்ந்தால் அந்த உடல் எப்படி இசையும்? ஒருமுறை தவறினால், அடுத்த இரவு “இன்றும் தவறுமோ” என்ற பயமே தவறச் செய்கிறது. இவருக்குப் பெரும்பாலும் அதிகாலை உறக்கத்தில் விறைப்பு வழக்கம்போல் இருக்கும். அது இருக்கிறதென்றால் நரம்பும் குழாயும் பழுதில்லை, தடை மனத்தில் என்று அறியலாம்.

ஆனால் நம் வீடுகளில் உடனே “செய்வினை” என்கிறார்கள். சூனியம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. கணவன் மனைவியைப் பிரிக்கும் சூனியம் பற்றி அல்பகரா ஸூராவில் வருகிறது. என்றாலும் பயந்து போன மாப்பிள்ளையைத் தகடு எழுதுபவரிடம் இழுத்துப் போனால் அவருடைய பயம் இரட்டிக்கிறது. ஃபிக்ஹின் அணுகுமுறையைப் பாருங்கள். கூட இயலாத கணவன் மீது மனைவி வழக்கிட்டால், காழீ உடனே பிரித்துவிடாமல் ஓராண்டுத் தவணை கொடுக்க வேண்டும். உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பை அடியொட்டியது இது. கோடை, மாரி முதலிய நான்கு பருவங்களும் கடந்தால் உடலின் தற்காலிகக் கோளாறாயின் நீங்கிவிடும் என்பதே ஃபுகஹாக்கள் தரும் காரணம். இரண்டு வாரத்தில் தலாக் பேசி ஜமாஅத்தைக் கூட்டும் வீட்டார் இதை அறிய வேண்டும். புதுத் தம்பதிகள் சில நாட்கள் கூடுவதைப் பற்றிய எண்ணத்தையே விட்டுவிட்டு, பேச்சிலும் நெருக்கத்திலும் மட்டும் பழகினால் பலருக்குத் தானே சரியாகிவிடும். மருத்துவர்களும் இதையே சிகிச்சையாகச் சொல்கிறார்கள்.

நடுத்தர வயதில் இது தோன்றினால் விஷயம் வேறு. சர்க்கரை நோய் மெல்லிய குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது, புகைபிடித்தலும் அப்படியே. சில இரத்த அழுத்த மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் காரணமாகலாம். உறுப்புக்குச் செல்லும் குழாய் இதயக் குழாயைவிடச் சிறியது. அடைப்பு அங்கே முதலில் தெரியக்கூடும். ஆகவே நாற்பதைத் தாண்டியவர் இதை மறைக்காமல் சர்க்கரையையும் இதயத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1998 முதல் விற்பனைக்கு வந்த சில்டெனாஃபில் மாத்திரையை நண்பர் சொன்னார் என்று வாங்கி விழுங்குவது ஆபத்து. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிருக்கே முடிவாகலாம்.

பெண்ணின் உடலும் பயத்தால் மூடிக்கொள்கிறது. சிலருக்குத் தொட்டதுமே உட்பாதையைச் சுற்றியுள்ள தசைகள் அவர்கள் விருப்பமின்றியே இறுகி, தாங்க முடியாத வலி உண்டாகிறது. இது பிடிவாதமல்ல. வற்புறுத்தினால் இறுக்கம் அதிகமாகும். பெண் மருத்துவரிடம் காட்டினால் பெரும்பாலும் குணமாகும். முதலிரவில் இரத்தம் காணவில்லை என்று ஒரு பெண்ணின் கற்பைச் சந்தேகிப்பதோ கொடுமையிலும் கொடுமை. கன்னிச் சவ்வு சிலருக்கு மிக மெல்லியது, சிலருக்கு நெகிழ்வது. கிழியாமலும் இரத்தமில்லாமலும் இருப்பது சாதாரணம். குதித்ததாலோ, ஹைளினாலோ, வயதினாலோ சவ்வு போனவளும் சட்டத்தில் கன்னியே என்று ஹிதாயாவில் தெளிவாக உள்ளது. ஷாஃபிஈ கிதாபுகளிலும் இதற்கு ஒத்த சட்டமே காணப்படுகிறது. இதை அறியாத மாமியார்கள் உண்டென்றால், அறியாத மாப்பிள்ளைகளும் உண்டு.

விருப்பம் எங்கே தொடங்குகிறது

முதலில் விருப்பம், பிறகு நெருக்கம் என்று ஆண் நினைக்கிறான். பல பெண்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைகள் பெற்று வருடங்கள் ஆன மனைவியருக்கு, முறை மாறி நடக்கிறது என்று கனடா நாட்டுப் பெண் மருத்துவர் ரோஸ்மேரி பேசன் 2000ல் எழுதினார். நெருக்கமும் கனிவும் முதலில். விருப்பம் அவற்றிலிருந்து பிறகு துளிர்க்கிறது. பகல் முழுதும் கடுகடுத்துவிட்டு விளக்கணைத்ததும் அழைப்பவர் இதை உணர்வதில்லை. பாலூட்டும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்து உட்பாதை வறண்டிருக்கும். நாற்பதாம் நாள் குளித்து நிபாஸ் முடிந்துவிட்டது என்பதால் உடல் பழைய நிலைக்கு வந்துவிட்டதாகாது. மாதவிடாய் நிற்கும் வயதிலும் அதே வறட்சி வரும். வழவழப்புக்கான களிம்புகள் மருந்துக் கடையில் கிடைக்கின்றன. அதைக் கேட்டு வாங்குவதில் கேவலம் எதுவுமில்லை.

கணவன் அழைத்து மனைவி மறுப்பதைப் பற்றிய எச்சரிக்கை ஹதீஸை அறியாத ஆண் இல்லை. நோயோ, காயமோ, தாங்க முடியாத துன்பமோ இருந்தால் அவள் மறுப்பது குற்றமாகாது என்று ஃபுகஹாக்கள் எழுதியதை அறிந்த ஆண் அரிது. இரவெல்லாம் வணக்கத்தில் மூழ்கிய அபுத்தர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்கு வந்த ஸல்மான் (ரலி) அவர்கள், அவர் மனைவி அலங்காரமின்றி இருந்ததைக் கண்டு நிலைமையை உணர்ந்து, மனைவிக்குள்ள உரிமையை எடுத்துச் சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஸல்மான் சொன்னதே உண்மை என்றார்கள். கணவனுக்குரிய ஹதீஸோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் சகோதரர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருகிறார்கள். கணவரைப் பிரிந்து ஒரு பெண் எத்தனை காலம் பொறுப்பாள் என்று உமர் (ரலி) அவர்கள் தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்து, படையினரின் தவணையை வரையறுத்த செய்தி பிரசித்தமானது. நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. இரண்டு வருடம் என்பதை வறுமை நம் மீது சுமத்தியிருக்கிறது. அப்படித் திரும்புபவர் முதல் இரவே இரண்டு வருடத்தை ஈடு செய்ய நினைக்கிறார். மனைவிக்கோ அவர் பாதி அந்நியர், உடலும் பழக்கம் விட்டுப் போனது. நெடும் பயணத்திலிருந்து வருபவர் முன்னறிவிப்பின்றி இரவில் வீட்டுக்குள் நுழைய வேண்டாம், மனைவி தலைவாரித் தன்னைத் தயார் செய்துகொள்ள அவகாசம் தர வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது இந்த நிலைக்கு எவ்வளவு பொருத்தம்! டெலிபோனில் தினமும் பேசுகிறோமே என்பார்கள். பேசுவது நல்லதுதான்; ஆனாலும் வந்து இரண்டொரு நாள் பொறுத்தால் வலியும் மனக்கசப்பும் இல்லாமல் போகும்.

இவற்றையெல்லாம் யாரிடம் பேசுவது? கணவன் மனைவி இருவரும் முதலில் தமக்குள் பேச வேண்டும். எது இன்பம், எது வலி என்பதை மனைவி சொன்னால் அது வெட்கக்கேடு அல்ல. படுக்கையறைச் செய்தியை நண்பர் கூட்டத்தில் அவிழ்த்து விடுவதை ஹதீஸ் கடுமையாகக் கண்டிக்கிறது. மருத்துவரிடமும் முஃப்தியிடமும் தேவைக்குச் சொல்வது அதில் சேராது. பெண்கள் பெண் மருத்துவரிடம் போகட்டும். கேட்க நா எழவில்லையென்றால் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்கட்டும். மஸ்அலாவைக் கணவர் மூலமோ, ஆலிமின் மனைவி மூலமோ கேட்டனுப்பலாம். மகளை நிகாஹ் செய்து கொடுக்கும் தாய்மார்கள், நகையை எண்ணி முடித்த பிறகாவது, ஒரு மாலை வேளை அவளைத் தனியே அமர்த்தி இந்தப் பாடத்தில் பாதியையேனும் சொல்லி அனுப்ப வேண்டும்.